மொட்டைமாடியில் ஒரு கோடை விடுமுறை

ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடங்கள் மூடியதும் தமிழ்நாட்டுக் குடும்பங்களின் பேச்சு மலைப் பக்கம் திரும்பிவிடுகிறது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஏறும் வண்டிகளின் நெரிசல் தாங்காமல், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறையே கொண்டுவர வேண்டியிருந்தது. அறை வாடகை, வண்டிச் செலவு, கொண்டை ஊசி வளைவுகளில் நகராமல் நிற்கும் நேரம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துப் பின்வாங்கும் வீடுகளும் ஏராளம். அந்த வீடுகளில் 'இந்த வருஷம் எங்கேயும் போகலை' என்ற பேச்சு ஒரு குறையாகவே ஒலிக்கிறது. பள்ளி திறந்ததும் 'லீவுக்கு எங்கே போனே?' என்று கேட்கும் கூட்டாளிக்கு என்ன சொல்வது என்று பிள்ளைகள் தவிக்கிறார்கள். அந்தத் தவிப்புக்குக் காரணமே இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். மனத்துக்கு ஓய்வு தருவது எது என்று ஆராய்ந்தவர்கள் கண்டதையும், வீட்டைவிட்டு அதிகம் நகராமலே பெரும் அறிவியல் செய்தவர்கள் விட்டுச்சென்றதையும் சேர்த்துப் பார்த்தால், விடுமுறையின் பயன் நாம் கொடுக்கும் கவனத்தைப் பொறுத்தது என்று தெரிகிறது. கடந்துபோகும் தூரத்துக்கு அதில் பங்கு குறைவு. கவனத்தைப் பழக்குவதற்கு, கேள்வி கேட்டு அளந்து பார்க்கும் விளையாட்டைவிட நல்ல வழி கிடையாது. நம் ஊர்களின் இருப்பிடமோ அந்த விளையாட்டுக்கு உலகில் பலருக்கும் வாய்க்காத சில வசதிகளைத் தந்திருக்கிறது.

முதலில் ஓய்வைப் பற்றி. வேலைக் களைப்பிலிருந்து மனிதர்கள் எப்படி மீள்கிறார்கள் என்பதை அளக்க, உளவியலாளர்கள் சபீனே சோனென்டாக், சார்லட் ஃபிரிட்ஸ் இருவரும் 2007-இல் ஒரு கேள்விப் பட்டியலை வெளியிட்டார்கள். மீள்வதற்கு உதவும் அனுபவங்களை அதில் நான்காகப் பிரித்தார்கள்: வேலையின் நினைப்பை விட்டு விலகியிருப்பது, உடலும் மனமும் இளைப்பாறுவது, புதிதாக ஒன்றைக் கற்றுத் தேறுவது, பொழுதை எப்படிக் கழிப்பது என்பதைத் தானே முடிவுசெய்வது. பயணம் இந்த நான்கையும் தரக்கூடும். ஆனால் பட்டியலில் பயணம் என்றே ஓர் இனம் கிடையாது. நெதர்லாந்தில் ஜெரோன் நவைன் குழுவினர் 1,530 பேரை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட முடிவு இன்னும் யோசிக்க வைப்பது. விடுமுறைப் பயணம் போகவிருந்தவர்கள் கிளம்புவதற்கு முன்பே மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பி வந்த பிறகு, போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் வேறுபாடு காணவில்லை. மிகவும் நிம்மதியாகக் கழிந்ததாகச் சொன்ன ஒரு பிரிவினரிடம் மட்டும் அந்த மகிழ்ச்சி சிறிது காலம் தங்கியது. ஜெசிகா டி புளூம் குழுவினர் நீண்ட விடுமுறை எடுத்த 54 ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்து 2013-இல் எழுதினார்கள்: நல்லுணர்வு எட்டாம் நாளை ஒட்டி உச்சத்தைத் தொட்டது, வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே பழைய நிலைக்கு இறங்கிவிட்டது.

இவற்றைப் பயணத்துக்கு எதிரான சாட்சியம் என்று சொன்னால் அது மிகை. பயணம் தரும் மகிழ்ச்சி உண்மையானது, நீடிப்பதில்லை, அவ்வளவுதான். வீட்டிலேயே இருந்தால் அந்த மகிழ்ச்சி கிடைக்குமா என்பது தனிக் கேள்வி. அதற்கு நேராகப் பதில் சொல்லும் சோதனை ஒன்றை அமெரிக்காவில் கோலின் வெஸ்ட், கேசி மொகில்னர், சான்ஃபோர்ட் டிவோ மூவரும் செய்தார்கள். முழுநேர ஊழியர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவிடம் வரப்போகும் சனி, ஞாயிறை விடுமுறைப் பயணத்தில் இருப்பதுபோல நடத்துங்கள் என்றார்கள். மற்ற பிரிவிடம் வழக்கமான வார இறுதியாகக் கழியுங்கள் என்றார்கள். திங்கட்கிழமை வேலைக்கு வந்தபோது முதல் பிரிவினர் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். அவர்கள் வீட்டு வேலையைக் குறைத்துக்கொண்டார்கள், படுக்கையில் சற்று அதிக நேரம் கிடந்தார்கள் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அந்த மகிழ்ச்சியை விளக்கியது, என்ன செய்தார்கள் என்பதைவிட, செய்துகொண்டிருந்ததில் எவ்வளவு ஒன்றியிருந்தார்கள் என்பதுதான்.

பழகிய இடத்தில் ஒன்றுவது எளிதல்ல என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மாறாத ஒன்றை மூளை விரைவில் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது. அதனால்தான் வாசலில் நிற்கும் வேப்பமரம் கண்ணில் படுவதே இல்லை. 'உன்னிப்பாகப் பார்' என்று பிள்ளையை அதட்டினால் கவனம் வந்துவிடாது. பதில் தெரியாத ஒரு கேள்வியும் அளக்க ஒரு கருவியும் கையில் இருந்தால் தானாக வரும். கலிபோர்னியாவில் மத்தியாஸ் குரூபர், பெர்னார்ட் கெல்மன், சரண் ரங்கநாத் மூவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கேள்விக்கு விடை அறியும் ஆவலோடு காத்திருக்கும்போது, அதோடு தொடர்பில்லாமல் இடையில் காட்டப்படும் முகங்கள்கூட நினைவில் நன்றாகப் பதிவது தெரியவந்தது. ஆவல் கிளர்ந்த மூளை சுற்றிலும் உள்ளதையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது. ஆகவே விடுமுறைக்குத் தேவைப்படுவது நல்ல கேள்விகள்.

அப்படி ஒரு கேள்வி ஏப்ரலில் தலைக்கு மேலேயே வந்து நிற்கிறது. நண்பகலில் சூரியன் உச்சிக்கு வரும் என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் ஒவ்வொரு ஊருக்கும் ஆண்டில் இரண்டே நாள்தான் அது நேர் உச்சியில் நிற்கும். அதுவும் கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களுக்கு மட்டும். டெல்லிக்கும் லண்டனுக்கும் அந்த நாள் ஒருபோதும் வருவதில்லை. நமக்கு வருகிறது. பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதால், மார்ச் 21-ஐ ஒட்டி நிலநடுக்கோட்டுக்கு மேல் நிற்கும் சூரியன் பிறகு வடக்கே நகரத் தொடங்குகிறது. ஏப்ரல் 7 வாக்கில் கொழும்புக்கும், 10-ஐ ஒட்டிக் கன்னியாகுமரிக்கும், 15, 16 தேதிகளில் யாழ்ப்பாணத்துக்கும் மதுரைக்கும், 18-இல் திருச்சிக்கும், 24-ஐ ஒட்டிச் சென்னைக்கும் நேர் மேலே வருகிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் என்ற கணக்கில் தெற்கிலிருந்து வடக்காக ஊர் ஊராகக் கடந்து போகும் இந்த ஊர்வலத்தை, அதன் பாதையிலேயே குடியிருக்கும் நாம் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை.

பார்ப்பதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான பிவிசி குழாய், ஒரு மரப்பலகை, சாக்பீஸ் போதும். குழாய் செங்குத்தாக நிற்க வேண்டும். கொத்தனாரிடம் உள்ள தூக்குக்குண்டை அரை மணி நேரம் இரவல் வாங்கினால் அதைச் சரிபார்த்துவிடலாம். மொட்டைமாடித் தளத்தை நம்பக் கூடாது. மழைநீர் வடிவதற்காக அதைச் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள். பலகையை வைத்து, அடியில் அட்டைத் துண்டு செருகி, ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கும்வரை சமன்செய்த பிறகே குழாயை நிறுத்த வேண்டும். பதினொன்றே முக்காலுக்குத் தொடங்கி, நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வாருங்கள். மேற்கே விழுந்த நிழல் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் வீதம் குழாயின் அடியை நோக்கிச் சுருங்கும். சூரியன் நான்கு நிமிடத்தில் ஒரு பாகை நகர்கிறது என்பதன் நேரடி அளவு அது. நிழல் அடியில் முழுதாக ஒடுங்கி, பிறகு கிழக்குப் பக்கம் எட்டிப் பார்க்கும். இங்கே இரண்டு செய்திகள் பிள்ளைகளை மடக்கும். நிழல் மறைவது பன்னிரண்டு மணிக்கு இருக்காது. சென்னையில் 12 மணி 7 நிமிட வாக்கில், கன்னியாகுமரியில் 12 மணி 20 நிமிடத்தை ஒட்டி. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு வகுத்தது. நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம், நம் உச்சிப்பொழுது அதனால் பிந்துகிறது. இன்னொன்று, நிழலின் நுனி கத்தி வெட்டியது போலத் தெளிவாக இராது. ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மங்கிக் கரையும். சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல், அரைப் பாகை அகலமுள்ள வட்டமாக இருப்பதே காரணம்.

சென்னையில் ஒரு குழாய், கன்னியாகுமரிப் பக்கம் ஒரு குழாய் என்று இரண்டு குடும்பங்கள் சேர்ந்துகொண்டால் இந்த விளையாட்டு பூமியையே அளந்துவிடும். சுமார் 2,250 ஆண்டுகளுக்கு முன் அலெக்சாண்டிரியாவில் எரடாஸ்தனிஸ் செய்தது இதைத்தான். தெற்கே சயீன் நகரில் சூரியன் உச்சியில் நின்ற நாளில் அலெக்சாண்டிரியாவில் அது 7.2 பாகை சாய்ந்திருப்பதை அளந்து, இரு ஊர்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை 50-ஆல் பெருக்கினார். நமக்கு வாய்த்திருக்கும் ஊர்கள் கணக்குக்கு இன்னும் வசதியானவை. கன்னியாகுமரியின் அட்சரேகை 8.08 பாகை, சென்னையின் அட்சரேகை 13.08 பாகை, இடைவெளி சரியாக 5 பாகை, அதாவது முழு வட்டத்தில் 72-இல் ஒரு பங்கு. கன்னியாகுமரியில் நிழல் ஒடுங்கும் அதே நாளில், சென்னையின் உச்சிப்பொழுதில் ஒரு மீட்டர் குழாய் வடக்கு நோக்கி 8.7 சென்டிமீட்டர் நிழலை விடும். இரண்டு ஊர்களுக்கும் இடையே நேர் தெற்கு வடக்காகத் தூரம் சுமார் 553 கிலோமீட்டர். இதை வரைபடத்தில் அளக்க வேண்டும், பேருந்து போகும் வழியில் கணக்கிட்டால் தவறிவிடும். 553-ஐ 72-ஆல் பெருக்கினால் 39,816. துருவங்கள் வழியாகப் பூமியின் உண்மையான சுற்றளவு 40,008 கிலோமீட்டர். நிழலை ஒரு சென்டிமீட்டர் கூட்டியோ குறைத்தோ அளந்துவிட்டால் விடை 36,000-க்கும் 45,000-க்கும் இடையில் எங்காவது போய் நிற்கும். பிழை எவ்வளவு வரலாம் என்று முன்கூட்டியே கணக்கிடத் தெரிந்த பிள்ளை, பாடப்புத்தகத்தில் உள்ள எண்ணை மனப்பாடம் செய்த பிள்ளையைவிடப் பல படி மேலே இருக்கிறது.

இதே மண்ணில் இதே கேள்வியோடு திரிந்தவர் ஒருவர் உண்டு. 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து நில அளவைப் பணியைத் தொடங்கினார். பூமியின் மேல் ஒரு பாகை என்பது எத்தனை நீளம் என்று அறிவது அவருடைய நோக்கங்களில் ஒன்று. அதற்காக அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை மலையுச்சிகளிலும் கோபுரங்களிலும் ஏற்றினார்கள். 1808-இல் தஞ்சாவூரில் கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து அது சேதமடைந்தது. அந்த அளவைதான் பின்னர் இமயம்வரை நீண்டது. நம் ஊர்க் கோபுரங்களின் மேலிருந்து பூமியை அளந்தார்கள் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படாமல் போவது வருத்தத்துக்குரியது.

ஒரு நாள் நிழல் பார்க்கலாம், மீதி நாற்பது நாளைக்கு என்ன செய்வது, காங்கிரீட்டுக்கு நடுவே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பது இயல்பு. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஜெனிஃபர் ஓவன் என்ற உயிரியலாளர் இதற்கு முப்பது ஆண்டு உழைப்பில் பதில் தந்திருக்கிறார். 1972 முதல் 2001 வரை அவர் தம் வீட்டுத் தோட்டத்தில் கண்ட உயிர்களைப் பதிவுசெய்தார். மொத்த இடம் நம் கணக்கில் மூன்று கிரவுண்டுக்குச் சற்று மேல். காய்கறியும் பூச்செடியும் போட்ட சாதாரணப் புறநகர் வீடு. அவர் எண்ணியவை 2,673 இனங்கள், பெரும்பாலும் பூச்சிகள். குளிர்நாட்டு நகரம் ஒன்றின் கொல்லையிலேயே இத்தனை என்றால், வெப்பமண்டலத்தில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஒரு செம்பருத்தி நிற்கும் வீட்டில் எத்தனை இருக்கும் என்று எண்ணிப்பார்க்கவே ஆவல் பொங்குகிறது. பிரான்சில் ழான் ஆன்றி ஃபாப்ர் 1879-இல் செரின்யான் ஊரில் யாருக்கும் வேண்டாத கல்லும் முள்ளுமான தரிசு ஒன்றை வாங்கி, 1915-இல் இறக்கும்வரை அங்கேயே குளவிகளையும் வண்டுகளையும் கவனித்துப் பூச்சியியலின் போக்கை மாற்றினார். சார்லஸ் டார்வின் கப்பலில் உலகைச் சுற்றியவர் ஆயிற்றே என்று யாராவது மறுக்கலாம், நியாயமான மறுப்பு. ஐந்து ஆண்டுப் பயணம் அவருக்குக் கேள்விகளைக் கொடுத்தது. விடைகள் 1842 முதல் நாற்பது ஆண்டுகள் டவுன் கிராமத்து வீட்டில்தான் உருவாயின. அவருடைய கடைசிப் புத்தகம், 1881-இல் வந்தது, தோட்டத்து மண்புழுக்களைப் பற்றியது.

கொல்லை இல்லாத அடுக்குமாடி வீட்டில்கூட எறும்பு இருக்கும். சமையலறைச் சுவரில் ஊரும் சிற்றெறும்புச் சாரையின் குறுக்கே ஈர விரலால் ஓர் அங்குல அகலத்துக்கு அழுத்தித் துடைத்துப் பாருங்கள். எந்தத் தடையும் வைக்கவில்லை. ஆனாலும் இரண்டு பக்கத்து எறும்புகளும் அந்த இடத்தில் திகைத்து நிற்கும், உணர்கொம்பை ஆட்டும், திரும்பும், பக்கவாட்டில் துழாவும். ஏதாவது ஒன்று துணிந்து கடந்த பிறகு, பின்னால் ஒவ்வொன்றாக வந்து, கொஞ்ச நேரத்தில் சாரை மறுபடி ஒட்டிக்கொள்ளும். முன்னே போன எறும்பு வயிற்றால் தொட்டு இட்ட மணச்சுவடுதான் பாதை; விரல் துடைத்தது அதைத்தான். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் தம் வீட்டுக் குளியல் தொட்டியருகே சர்க்கரை வைத்து, அதைக் கண்டுபிடித்துத் திரும்பும் எறும்பின் பின்னால் வண்ணப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனார். முதல் எறும்பின் வழி கோணல்மாணலாக இருந்தது. பின்னால் வந்தவை வளைவுகளைச் சிறிது சிறிதாக நேராக்கிவிட்டன. 1989-இல் பிரசெல்ஸ் ஆய்வாளர்கள், கூட்டுக்கும் உணவுக்கும் இடையே நீளம் வேறுபட்ட இரண்டு பாலங்களைப் போட்டபோது எறும்புக் கூட்டம் குட்டையான பாலத்தைத் தேர்ந்தது. குட்டைப் பாலத்தில் போய்த் திரும்புவது விரைவாக நடப்பதால் அங்கே மணம் சீக்கிரம் சேர்கிறது. மணம் கூடிய வழியில் கூட்டமும் கூடுகிறது. யாரும் கட்டளையிடாமல் கூட்டம் கண்டடையும் இந்த வழியைப் பின்பற்றித்தான், சரக்கு வண்டிகளுக்கும் தகவல் வலைகளுக்கும் குறுக்கு வழி கணிக்கும் கணினி முறை ஒன்று 1990-களில் உருவானது. இரண்டு அட்டைத் துண்டுகளும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் இருந்தால் பாலச் சோதனையைப் பத்து வயதுப் பிள்ளை செய்துவிடும்.

வெயிலைச் சொல்லி மறுப்பவர்களுக்கு இரண்டு பதில். கத்திரி வெயிலில் பிள்ளைகளை நெடுநேரம் மாடியில் நிறுத்தச் சொல்வது பொறுப்பற்ற பேச்சு. நிழலில் உட்கார்ந்தே செய்ய நிறைய இருக்கிறது. கீற்றுக் கொட்டகையின் கூரைப் பொத்தல்கள் வழியாகத் தரையில் விழும் வெளிச்சப் பொட்டுகள் வட்டமாக இருப்பதைக் கவனியுங்கள். பொத்தல் முக்கோணமாகவோ கீறலாகவோ இருக்கலாம். பொத்தல் சிறிதாகவும் கூரை உயரமாகவும் இருந்தால் பொட்டு வட்டமாகவே விழும், ஏனெனில் அது சூரியனின் பிம்பம். மூன்று மீட்டர் உயரக் கூரையிலிருந்து நண்பகலில் விழும் பிம்பம் ஏறத்தாழ 2.8 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். உயரத்தை அகலத்தால் வகுத்தால் 107 வரும். சூரியனுக்கும் நமக்கும் இடையே சூரியனைப் போலவே 107 உருண்டைகளை வரிசையாக அடுக்கலாம் என்பது அதன் பொருள். கூரையின் பெரிய இடைவெளியில் முகத்தை நிமிர்த்திச் சூரியனைப் பார்க்க மட்டும் பிள்ளைகளை விடக் கூடாது.

இரண்டாவது பதில், இரவு. மே மாத நடுவில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கு அடிவானம் மறைவில்லாமல் தெரியும் மாடியில் நின்றால் தென்சிலுவை நான்கு விண்மீன்களோடு நிமிர்ந்து நிற்கும். சென்னையில் அடிவானத்திலிருந்து 17 பாகை உயரம், கன்னியாகுமரியில் 22. டெல்லியில் அது அடிவானத்தைத் தொட்டுக்கொண்டு புழுதிக்குள் மறைந்துவிடும். ஐரோப்பாவின் பெரும்பகுதிக்குத் தெரிவதே இல்லை. வடக்கே திரும்பினால் துருவ நட்சத்திரம் எத்தனை பாகை உயரத்தில் இருக்கிறதோ அதுவே உங்கள் ஊரின் அட்சரேகை. நீட்டிய கையின் முஷ்டி ஏறக்குறைய 10 பாகையை மறைக்கும் என்பதால், சென்னையில் ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே தேட வேண்டும். மாடி விளக்கைச் சுற்றும் பூச்சிகளும் ஒரு புதிரை வைத்திருந்தன. விட்டில் விளக்கை நோக்கி ஈர்க்கப்படுகிறது என்றுதான் காலங்காலமாக நம்பினோம். அதிவேகக் கேமராவில் படம்பிடித்து 2024-இல் சாமுவேல் ஃபேபியன், யாஷ் சோந்தி குழுவினர் வேறொன்றைக் காட்டினார்கள்: பறக்கும் பூச்சி வெளிச்சமான பக்கம்தான் வானம் என்று கொண்டு முதுகை அங்கே திருப்புகிறது, பக்கத்தில் விளக்கு இருந்தால் திரும்பித் திரும்பி அதைச் சுற்றியே சிக்கிக்கொள்கிறது. டார்ச்சைத் தரையில் வைத்து மேல்நோக்கி அடித்தால், அதன் மேலே பறக்க வரும் பூச்சிகளில் சில குப்புறக் கவிழ்ந்து விழுவதைக் காணலாம். ஒரு முறை பார்த்துவிட்டு விளக்கை அணைத்துவிடுவது அவற்றுக்கு நல்லது.

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. வீட்டில் விடுமுறை என்றால் அம்மாவுக்கு ஏது விடுமுறை? வெளியூர் போனால் மூன்று வேளைச் சாப்பாடும் விடுதியில் முடிந்துவிடும். வீட்டில் இருந்தால் பிள்ளைகளும் உறவினரும் சேர்ந்து சமையலறைச் சுமை கூடத்தான் செய்யும். சோனென்டாக் பட்டியலில் உள்ள முதல் அனுபவமும் கடைசி அனுபவமும், வேலையிலிருந்து விலகலும் பொழுதின் மேல் உரிமையும், அவருக்கு இல்லாமலே போய்விடும். இந்த மறுப்பை ஒதுக்கிவிட்டு எழுதப்படும் வீட்டு விடுமுறை யோசனை எதுவும் பாதிக் குடும்பத்தை மறந்துவிட்ட யோசனைதான். வெஸ்ட் குழுவின் சோதனையில் வார இறுதியை விடுமுறையாக நடத்தியவர்கள் வீட்டு வேலையைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். சமையலை ஆளுக்கொரு வேளையாகப் பங்கிடுவது, சில நாள் பழையசோறும் மாங்காய் ஊறுகாயும் போதும் என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுப்பது, நிழல் அளக்கும் அரை மணி நேரத்தில் அம்மாவின் கையில் சாக்பீஸைக் கொடுப்பது என்ற ஏற்பாடெல்லாம் அறிவியலுக்கு வெளியே உள்ளவை அல்ல. ஓய்வு கிடைப்பதற்கே அவைதான் நிபந்தனை. கைபேசியைப் பற்றிய கவலை இதைவிட எளிதாகத் தீரும். திசைகாட்டி, சாய்வுமானி, நொடி தவறாத கடிகாரம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன; அளவெடுக்கும் நேரத்தில் அது கருவியாகிவிடுகிறது.

மலைக்குப் போக முடியாதவர்களைத் தேற்றுவதற்கான பேச்சுதான் இதெல்லாம் என்று நினைப்பவர்கள், இப்படிச் சேரும் தகவல் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2023-இல் வந்த அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது. அதற்கு அடிப்படையாக இருந்தவை சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் தந்த மூன்று கோடிப் பதிவுகள். அவற்றில் வீட்டு வாசலிலும் ஏரிக்கரையிலும் கால் மணி நேரம் நின்று எழுதிய பட்டியல்களும் சேர்த்திதான். எந்த இனம் குறைகிறது, எது பெருகுகிறது என்பது அரசுக்கும் ஆய்வாளருக்கும் தெரிவது இப்படித்தான். தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் இதற்கென்றே பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மே மாதத்தில் யாரும் தடுக்கவில்லை. காலை ஆறு மணிக்கு மாடியில் கேட்கும் குரல்களை வாரம் முழுவதும் ஒரே கால் மணி நேரத்தில் குறித்துவைத்தால் அதுவே தொடக்கம்.

ஏப்ரலைத் தவறவிட்டவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. வடக்கே போன சூரியன் திரும்பி வரும்போது சென்னைக்கு ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் கன்னியாகுமரிக்குச் செப்டம்பர் 1-ஐ ஒட்டியும் மறுபடி உச்சியில் நிற்கும். மேகம் மறைக்கக்கூடிய காலம் என்பதால் முன்னும் பின்னும் இரண்டு நாளைச் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். நாகர்கோவில் பக்கம் ஒரு சித்தப்பாவோ சென்னையில் ஓர் அத்தையோ இருந்தால் இன்றைக்கே போனில் சொல்லி, ஆளுக்கொரு மீட்டர் குழாயை வெட்டி வைத்துவிடுங்கள்.